விமானியாக ஆசைப்படும் பிள்ளை: ஆகாயப்படையா, பயணிகள் விமானமா?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இரவு. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மின்னஞ்சல் வழி மிரட்டல் வந்தது. சிங்கப்பூர் ஆகாயப்படையின் எஃப்-15எஸ்ஜி போர் விமானங்கள் இரண்டு உடனே மேலெழுந்தன. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளிலிருந்து அந்தப் பயணிகள் விமானத்தை விலக்கி, அதற்குத் துணையாகப் பறந்து வந்தன. இரவு 10 மணிக்குச் சற்றுப் பின்னர் அது சாங்கி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது. மிரட்டல் வெறும் புரளிதான்.

அன்றிரவு ஒரே வானத்தில் இரண்டு வகை விமானிகள் வேலை பார்த்தார்கள். பயணிகள் விமானத்தை ஓட்டியவர்களுக்கு, தங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பதற்றமில்லாமல் தரையிறக்குவது பொறுப்பு. போர் விமானத்தில் வந்தவர்களுக்கு, கீழே உள்ள நகரத்துக்கு எந்த ஆபத்தும் நேராமல் பார்த்துக்கொள்வது பொறுப்பு. இரு தரப்பினரும் விமானிகள்தான். ஆனால் அவர்கள் செய்யும் தொழில் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமலேயே பல வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது. பிள்ளை "நான் விமானி ஆகப்போகிறேன்" என்று சொன்னவுடன் பெற்றோரும் மாமா, சித்தப்பாக்களும் சம்பளக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். "ஆகாயப்படையில் சேர்ந்தால் காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம் தம்பி, அப்புறம் ஏர்லைன்சுக்குப் போய்விடலாம்" என்பார் ஒருவர். "படையெல்லாம் ஆபத்து, நேராக ஏர்லைன்சுக்கே போ" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அரைகுறை உண்மையை நம்பி எடுக்கும் முடிவில் போவது ஓர் இளையரின் இருபது வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம். சில குடும்பங்களில் அதோடு வீட்டுச் சேமிப்பும் சேர்ந்து போகிறது.

பறப்பதே வேலையா, வேலையில் ஒரு பகுதியா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். விமான நிறுவனத்தில் பறப்பதுதான் வேலை. ஆகாயப்படையில் பறப்பது வேலையின் ஒரு பகுதி.

பயணிகள் விமானியின் வாழ்க்கை பணிப்பட்டியலைச் சுற்றிச் சுழலும். வானிலை அறிக்கையைப் பார்ப்பது, எரிபொருளைக் கணக்கிடுவது, சக விமானியோடு பேசித் திட்டமிடுவது, பறப்பது, ஹோட்டலில் தூங்குவது, மீண்டும் பறந்து திரும்புவது என்று மாதங்கள் ஓடும். களைப்பினால் விபத்து நேரக்கூடாது என்பதற்காக, ஒரு விமானி ஓர் ஆண்டில் பறக்கும் நேரத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பல நாடுகளில் அது 900 முதல் 1,000 மணி நேரம் வரை இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க் வட்டாரத்துக்கு மீண்டும் தொடங்கிய இடைநில்லாச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். 15,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், ஏறத்தாழ 18 மணி நேரப் பயணம். அதில் நான்கு விமானிகள் மாறி மாறிப் பணியாற்றி, முறைவைத்து ஓய்வெடுக்கிறார்கள். அந்த 18 மணி நேரத்தில் பயணிகளுக்கு எதுவுமே நடக்காததுபோல் தோன்றினால் விமானிகள் தங்கள் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆகாயப்படை விமானி முதலில் ஒரு படை அதிகாரி. அதன் பிறகுதான் விமானி. போர் விமானம் ஒருமுறை பறந்து திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். ஆனால் அதற்கு முன் பல மணி நேரத் திட்டமிடல் உண்டு. திரும்பிய பின் பதிவான தகவல்களைப் போட்டுப் பார்த்து, யார் எங்கே தவறினார் என்று ஒளிவுமறைவின்றிப் பேசும் கூட்டம் உண்டு. பறந்த நேரத்தைவிடப் பேசிய நேரம் கூடுதலாக இருப்பது சாதாரணம். பல நாட்டு ஆகாயப்படைகளில் ஒரு போர் விமானி ஆண்டுக்கு 200 மணி நேரத்தை எட்டுவதே அரிது. எஞ்சிய நேரத்தில் தயார்நிலைப் பணி, படைப்பிரிவின் நிர்வாகம், இளைய அதிகாரிகளைப் பயிற்றுவிப்பது, போர்ப்பயிற்சிகளுக்குத் திட்டம் தீட்டுவது போன்றவை காத்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பயணிகள் விமானி முப்பது ஆண்டு அனுபவம் பெற்ற பிறகும் விமானி அறையில்தான் இருப்பார். ஆகாயப்படையிலோ பதவி உயர உயரப் பறக்கும் நேரம் குறையும். தலைமையகத்தில் ஒரு பணி, தற்காப்பு அமைச்சில் ஒரு பணி, மேற்படிப்பு, பின்னர் படைப்பிரிவுக்குத் தலைமை என்று வாழ்க்கை நகரும். அங்கே வெற்றி பெற்றவர் மேசைக்குப் போகிறார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாட்டின் தற்காப்பைத் திட்டமிடும் அந்த மேசை வேலையை விரும்புகிறவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. பறப்பதை மட்டுமே விரும்புகிறவர்களுக்கு அது தண்டனை போலத் தோன்றும்.

ஆகவே விண்ணப்பம் போடும் முன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "நாளைக்கே உன்னை விமானி அறையிலிருந்து இறக்கிவிட்டால், அந்தச் சீருடையில் தொடர்ந்து இருக்க உனக்கு விருப்பமா?" ஆம் என்று மனம் சொன்னால் ஆகாயப்படை அவருக்கு ஏற்ற இடமாக இருக்கலாம். இல்லை என்றால் அவர் விமான நிறுவனத்தைப் பற்றி யோசிப்பதே நல்லது. இது கற்பனைக் கேள்வி இல்லை என்பதைப் பின்வரும் விவரங்கள் காட்டும்.

எல்லாரும் போர் விமானம் ஓட்டுவதில்லை

ஆகாயப்படை என்றவுடன் இளையர்களின் கண்முன் வருவது சீறிப்பாயும் போர் விமானம். 1968இல் ஆகாயத் தற்காப்புத் தளபத்தியமாகத் தொடங்கி, 1975இல் சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை என்று பெயர் பெற்ற அமைப்பில் இன்று பல வகை விமானங்கள் இருக்கின்றன. எஃப்-15எஸ்ஜி, எஃப்-16 போர் விமானங்கள் ஒரு பக்கம். சி-130 போக்குவரத்து விமானம், வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஏ330 விமானம், சினூக், அப்பாச்சி ஹெலிகாப்டர்கள், ஆளில்லா விமானங்கள் ஆகியவை இன்னொரு பக்கம். 2024இல் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்துச் சிங்கப்பூர் வாங்க முடிவு செய்திருக்கும் எஃப்-35 விமானங்களின் எண்ணிக்கை 20. அந்த இருக்கைக்கு ஆசைப்படும் இளையர்கள் அதைவிடப் பல மடங்கு.

யார் எந்த விமானத்தை ஓட்டுவது என்பதைப் பயிற்சியில் காட்டும் திறமையும் படையின் தேவையும் சேர்ந்து முடிவு செய்யும். விருப்பத்தைக் கேட்பார்கள், அதன்படியே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. போர் விமானத்தை மட்டுமே மனத்தில் வைத்துச் சேர்ந்தவர் ஹெலிகாப்டருக்கு அனுப்பப்படலாம்.

அதை இழப்பாக நினைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஆச்சே மாநிலத்தைச் சிதைத்தபோது, சாலைகள் அழிந்துபோன மெலாபோ நகருக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுசென்றவை சிங்கப்பூரின் ஹெலிகாப்டர்கள். 2014இல் எம்எச்370 விமானம் காணாமல் போனபோது கடலில் தேடியவற்றுள் சிங்கப்பூரின் சி-130 விமானமும் ஒன்று. படை விமானியின் பணியில் இத்தகைய நாள்களும் அடங்கும்.

உடலுக்கு வரும் சுமையையும் மறந்துவிடக்கூடாது. எஃப்-16 வேகமாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசை விமானியின் உடலை அழுத்தும். 70 கிலோ எடையுள்ளவர் அந்த நொடிகளில் 630 கிலோ எடையைத் தாங்குவதுபோல் உணர்வார். இரத்தம் தலையிலிருந்து கீழே இறங்கி நினைவு தப்பாமல் இருக்க, தனிப்பட்ட உடையும் மூச்சுப் பயிற்சியும் தேவை. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தால் கழுத்தும் முதுகும் அதன் விலையைக் கொடுக்க வேண்டிவரும்.

பயிற்சி யார் செலவில்?

ஆகாயப்படை விமானியின் பயிற்சிச் செலவை நாடே ஏற்கிறது. சிங்கப்பூரின் வான்பரப்பு மிகச் சிறியது என்பதால் பெரும்பகுதிப் பயிற்சி வெளிநாடுகளில் நடைபெறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் பிசி-21 ரக விமானத்தில் அடிப்படைப் பயிற்சி, பிரான்சின் கஸோ தளத்தில் எம்-346 ஜெட் விமானத்தில் உயர்நிலைப் பயிற்சி, குவீன்ஸ்லாந்தின் ஓக்கியில் ஹெலிகாப்டர் பயிற்சி, அமெரிக்காவில் போர் விமானப் பயிற்சி என்று அது நீளும். அதற்கெல்லாம் முன்பே, சிறிய விமானத்தில் சில வாரங்கள் பறக்கவிட்டு, விமானியாகும் இயல்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். பலர் அங்கேயே கழிக்கப்படுவார்கள். அதைத் தாண்டியவர்களிலும் எல்லாரும் விமானிச் சின்னம் அணிவதில்லை. பாதியில் நின்றவர்கள் படையிலேயே வேறு பணிப்பிரிவுக்கு மாற்றப்படலாம். முன்பு சொன்ன கேள்வி இங்கேதான் உயிர்பெறுகிறது. பறக்க மட்டுமே வந்தவருக்கு அந்த மாற்றம் கசக்கும். படைச் சேவையை விரும்பி வந்தவர் தரையிலும் தமக்கொரு பாதையைக் கண்டுகொள்வார்.

பயணிகள் விமானியாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, விமான நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கும் பயிற்சி விமானித் திட்டம். செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். போட்டி மிகக் கடுமையாக இருக்கும். இரண்டாவது, சொந்தச் செலவில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து உரிமம் பெறுவது. பெற்றோர் மிகவும் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது.

மலேசியாவில் இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் பல. அதற்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் தேவைப்படும். 2010ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், உரிமம் பெற்றும் வேலை கிடைக்காமல் காத்திருந்த இளம் விமானிகளின் நிலை அந்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது. உரிமம் கையில் இருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. உரிமம் பெற்ற பிறகும் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி தேவை. அதற்கும் பணம் வேண்டும். வேலை கிடைக்கத் தாமதமானால், பறக்காமல் இருக்கும் காலத்தில் தகுதிகளைப் புதுப்பிக்க மேலும் செலவாகும். வீட்டை அடமானம் வைத்துப் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்கள், பள்ளியின் விளம்பரத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது. அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது எங்கே பறக்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும். மலேசிய ஆகாயப்படையில் சேர்ந்து அலோர் ஸ்டாரில் பயிற்சி பெறுபவருக்கு இந்தக் கடன் சுமை இல்லை. அவருக்கும் சேவை ஒப்பந்தம் உண்டு.

கையெழுத்துப் போடும் முன்

ஆகாயப்படை ஒரு விமானியை உருவாக்கப் பெருந்தொகையைச் செலவிடுகிறது. ஆகவே பயிற்சி முடிந்தவுடன் விலகிப்போக முடியாது. பல ஆண்டுகள் கட்டாயமாகச் சேவையாற்ற வேண்டும். 19 வயதில் போடும் கையெழுத்து, முப்பது வயதைத் தாண்டும் வரை ஒருவரைக் கட்டிப்போடலாம். திருமணம், பெற்றோரின் உடல்நலம், மேற்படிப்பு எல்லாம் அந்தக் காலகட்டத்துக்குள்தான் வரும். ஒப்பந்தக் காலம் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது, பயிற்சியில் தோற்றால் என்ன ஆகும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடக்கூடாது. விமான நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

சிங்கப்பூர் ஆண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு ஆண்டு தேசிய சேவையை எப்படியும் முடிக்க வேண்டும். ஆகாயப்படையில் நிரந்தரப் பணியில் சேர்பவருக்கு அந்தக் காலம் பணிக்காலத்தோடு கலந்துவிடும். விமான நிறுவனத்துக்குப் போக விரும்புபவர் பொதுவாகத் தேசிய சேவையை முடித்த பிறகே பயிற்சியில் சேர்வார். படையை விட்டு விலகிய அதிகாரியும் முழுவதுமாக விடுபடுவதில்லை. அதிகாரிகளுக்கான போர்க்காலப் படைக் கடமை 50 வயது வரை தொடரும்.

13 நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள்

ஆபத்தைப் பற்றிப் பேசும்போது 2024ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். மே 8ஆம் தேதி தெங்கா விமானத் தளத்தில் ஓர் எஃப்-16 விமானம் புறப்பட்ட உடனேயே கட்டுப்பாட்டை இழந்தது. விமானத்தின் மூக்கு மேலும் கீழும் அசைவதை அளக்கும் மூன்று முதன்மை ஜைரோஸ்கோப்களில் இரண்டு ஒரே நேரத்தில் தவறான அளவைக் காட்டியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இரண்டு கருவிகள் ஒத்துப்போனதால் கணினி தவறான அளவையே நம்பியது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். விமானம் தளத்துக்குள்ளேயே விழுந்தது. முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தவை சில நொடிகள். பக்கத்தில் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

மே 21ஆம் தேதி, லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்கியூ321 விமானம் மியன்மார் வான்பகுதியில் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. 211 பயணிகளும் 18 சிப்பந்திகளும் அதில் இருந்தார்கள். பயணி ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தார்கள். விமானிகள் நிலைமையைக் கேட்டறிந்து, மருத்துவ உதவி கோரி, பேங்காக்கிற்குத் திருப்பித் தரையிறக்கினார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது; பேசி முடிவெடுக்கத் துணை இருந்தது. ஆனால் வெளியேறிக் குதிக்கும் இருக்கை அவர்களுக்கு இல்லை. பின்னால் இருக்கும் ஒவ்வோர் உயிரும் அவர்கள் பொறுப்பு.

போர்ப்பயிற்சியில் தாழ்வாகவும் வேகமாகவும் நெருக்கமாகவும் பறப்பதால் ஆபத்து கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆகாயப்படையே பயிற்சியில் விமானிகளை இழந்திருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் அரிசோனாவில் எஃப்-16 விபத்தில் ஓர் இளம் விமானி உயிரிழந்தார். பயணிகள் விமானப் போக்குவரத்து உலகிலேயே மிகப் பாதுகாப்பான பயண முறைகளில் ஒன்று. ஆனால் பெற்றோர் ஆபத்தை மட்டும் எடை போட்டால் போதாது. நெருக்கடியில் தனியாக, நொடிப்பொழுதில் இயங்கும் மனமா, பிறரோடு கலந்து நிதானமாகச் செயல்படும் மனமா என்று பிள்ளையின் இயல்பையும் பார்க்க வேண்டும்.

வேலை நிலைக்குமா?

பயணிகள் விமானத் துறை உலக நிலவரத்தோடு ஏறி இறங்கும். 2003இல் சார்ஸ் கிருமி வந்தபோது இந்த வட்டாரமே அதை உணர்ந்தது. 2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாகச் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சில்க்ஏரும் தங்கள் 147 விமானங்களில் 138ஐ நிறுத்திவைப்பதாக அறிவித்தன. அதே ஆண்டு செப்டம்பரில், குழுமத்தில் ஏறத்தாழ 4,300 வேலை இடங்கள் குறைக்கப்படும் என்ற செய்தி வந்தது. உலகெங்கும் விமானிகள் சம்பளக் குறைப்பையும் வேலையிழப்பையும் சந்தித்தார்கள். பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதே குழுமம் 2 பில்லியன் வெள்ளிக்கு மேல் இலாபம் ஈட்டியது. விமானிகளுக்கு மீண்டும் தேவை எழுந்தது. முப்பது நாற்பது ஆண்டுப் பணிக்காலத்தில் இப்படிப்பட்ட புயல் இரண்டு மூன்று முறையாவது வரும் என்று எதிர்பார்த்தே குடும்பக் கணக்கைப் போட வேண்டும்.

படையில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. பயிற்சிக் காலத்திலிருந்தே அதிகாரிக்குரிய சம்பளம் வரும். ஆனால் முழுநேரப் படை வாழ்க்கை பயணிகள் விமானியின் பணிக்காலத்தைவிட விரைவில் முடிந்துவிடும். அனைத்துலகப் பயணிகள் விமானங்களை 65 வயது வரை ஓட்டலாம். ஆகவே முதல் சில ஆண்டுகளின் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு இதில் அதிகம், அதில் குறைவு என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது. துணை விமானி, தலைமை விமானி ஆவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதன் பிறகே அந்தத் துறையின் பெரிய சம்பளம் கைக்கு வரும்.

இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அச்சம் உடல்நலம். மருத்துவச் சான்று புதுப்பிக்கப்படாவிட்டால் அன்றோடு பறப்பது நின்றுவிடும். படை அதிகாரிக்குத் தரையில் வேறு பணி இருக்கும். பயணிகள் விமானிக்கு உரிமம் போனால் வருமானமும் போகலாம். இதற்கென்றே உள்ள காப்புறுதியைப் பற்றி இளம் விமானிகள் முதல் ஆண்டிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

குடும்ப வாழ்க்கையிலும் வேறுபாடு உண்டு. பயணிகள் விமானிக்குத் தீபாவளியும் பொங்கலும் பணிப்பட்டியலைப் பார்த்துத்தான் வரும். இரவு பகல் மாறி மாறித் தூக்கம் கெடும். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த நாள் அவருடையது. படை விமானி உள்ளூரில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் வெளிநாட்டுப் பயிற்சிகள் மாதக்கணக்கில், சில பணிகள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். தயார்நிலைப் பணி எந்த நேரத்திலும் அழைக்கும். வீட்டில் சொல்ல முடியாத செய்திகளும் மனத்தில் இருக்கும்.

அங்கிருந்து இங்கே வரலாமா?

படையில் பறந்தவர் பின்னர் பயணிகள் விமானத்துக்கு மாறலாம் என்பது உண்மை. 2010 நவம்பர் 4ஆம் தேதி சாங்கியிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 469 பேருடன் அதைச் சாங்கிக்கே திருப்பிக் கொண்டுவந்த தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பிக்னி, முன்பு ஆஸ்திரேலிய ஆகாயப்படையில் பறந்தவர். ஆனால் அந்த நிகழ்வை முழுமையாகப் பார்க்க வேண்டும். அவர் அப்போது பயணிகள் விமானத் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அனுபவம் பெற்றிருந்தார். விமானி அறையில் அன்று ஐந்து விமானிகள் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்த எச்சரிக்கைகளை அவர்கள் பகிர்ந்து சமாளித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் பத்திரமாக இறக்கினார்கள். படை கொடுத்த துணிவும் பயணிகள் விமானத் துறை கொடுத்த கூட்டு முயற்சியும் அங்கே கைகோத்தன.

மாறுபவர்கள் சந்திக்கும் தடைகளும் உண்டு. படையில் பறந்த மணி நேரம் இருந்தாலும் பயணிகள் விமான உரிமத்துக்கான தேர்வுகளைத் தனியே எழுத வேண்டும். ஹெலிகாப்டரில் பறந்த நேரம் விமானத்துக்கான உரிமத்தில் முழுமையாகக் கணக்கில் வராது. தனியாக ஓட்டிப் பழகியவர், இருவராகச் சேர்ந்து ஓட்டும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் பதவி உயர்வு சேர்ந்த தேதியைப் பொறுத்தது. 35 வயதில் சேரும் முன்னாள் படை அதிகாரி, தம்மைவிடப் பத்து வயது இளையவருக்குக் கீழே துணை விமானியாகத் தொடங்கலாம். அதே நேரத்தில், விமான நிறுவனத்திலிருந்து படைக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைந்தே கிடக்கிறது. வயது ஏறிய பிறகு போர் விமானப் பயிற்சியைத் தொடக்கத்திலிருந்து தருவதற்கு எந்தப் படையும் முன்வராது.

இதைக் கேட்டு, "அப்படியானால் முதலில் படையில் சேர்ந்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. படையை இலவசப் பயிற்சிப் பள்ளியாக நினைத்துச் சேர்பவர், விடுபடும் நாளை எண்ணிக்கொண்டே பத்தாண்டுக்கும் மேல் கழிக்க நேரும். அந்தப் பத்தாண்டும் அவருடைய வாழ்க்கைதான்.

இப்போதே செய்யக்கூடியவை

பிள்ளை விமானியாக விரும்பினால் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. பணம் கட்டுவது அதன் பிறகுதான். நிறக்குருடு இருப்பது பதினெட்டு வயது வரை சிலருக்குத் தெரிவதே இல்லை. கண்ணாடி அணிந்தாலே வாய்ப்பில்லை என்ற பழைய எண்ணம் இப்போது பொருந்தாது. ஆனால் பார்வைக் குறைபாட்டுக்கு வரம்பு உண்டு. அந்தந்த அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, பறப்பது பிடிக்கிறதா என்று பறந்துதான் பார்க்க வேண்டும். இளையர் பறக்கும் மன்றம் செலேத்தாரில் மாணவர்களுக்கு அந்த வாய்ப்பை வழங்கிவந்திருக்கிறது. அங்கே பழகிய பலர் இரு துறைகளுக்கும் போயிருக்கிறார்கள். கணிதம், இயற்பியல், தெளிவான ஆங்கிலப் பேச்சு மூன்றும் இரு பாதைகளுக்கும் தேவை. பெண் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் ஆகாயப்படையில் ஒரு பெண் போர் விமானியானார்.

மூன்றாவதாக, விமானிக் கனவு கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பட்டமோ டிப்ளோமாவோ கையில் இருக்கட்டும். தேர்வில் கழிக்கப்படுவது அவமானமில்லை. விமானத்தை ஓட்டும் இயல்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. படிப்பில் முதலிடம் பெற்றவர்களும் அங்கே கழிக்கப்படுவதுண்டு. விமானப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை ஆய்வு என்று விமானங்களோடு வாழும் வேறு தொழில்களும் உண்டு.

கடைசியாக, இரு துறைகளிலும் வேலை பார்க்கும் ஒருவரையாவது நேரில் சந்தித்துப் பேச வையுங்கள். சம்பளத்தையும் சாகசத்தையும் பற்றிக் கேட்பதைவிட, "சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பெர்த்துக்குப் பறந்து திரும்பிய கதையைச் சொல்லக்கூடும். இன்னொருவர் அன்று முழுவதும் பறக்கவே இல்லை, அடுத்த மாதப் போர்ப்பயிற்சிக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லக்கூடும். இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் எது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறதோ, அந்தப் பக்கம் விண்ணப்பத்தை எழுதலாம்.